வால்டர் கிரான்கைட்டை எதற்குச் சாட்சியாக அழைக்கிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சிச் செய்தி நெறியாளர்கள் தங்கள் சொந்தக் கருத்தைச் சொல்லலாமா என்ற பொருளில், சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1962 முதல் 1981 வரை மாலைச் செய்தியை வழங்கிய வால்டர் கிரான்கைட்டை அந்தக் கட்டுரை தன் வாதத்துக்குச் சாட்சியாக அழைத்திருந்தது. 1968 பிப்ரவரியில் அவர் தம் அன்றாட மாலைச் செய்தியில் வியட்நாம் போரைப் பற்றி ஒரு கருத்தைச் சொன்னாராம். வெள்ளை மாளிகையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அதிபர் லிண்டன் ஜான்சன், கிரான்கைட்டே கைவிட்டுவிட்டார் என்றால் நாடே கைவிட்டுவிட்டது என்று பொருள் எனச் சொல்லித் தேர்தல் களத்திலிருந்து விலகினாராம். ஆகவே செய்தி வழங்குபவர் நாள்தோறும் கருத்துச் சொல்வது அவருடைய கடமை என்பது கட்டுரையின் முடிவு. இந்தக் கதையில் உண்மையும் இருக்கிறது, சரிபார்க்கப்படாமல் வாய்வழியாக வளர்ந்த பகுதியும் இருக்கிறது. சரிபார்க்காத செய்தியைக் கையால் தொடமாட்டேன் என்று இருந்த ஒருவரைப் பற்றி இப்படியொரு கதை நிலைத்துவிட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நான் தென்மாவட்ட நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் 31 ஆண்டுகள் துணை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தொலைக்காட்சியில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. ஆனால் டெலிபிரிண்டர் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து இரவுப் பணி பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் கிரான்கைட் ஒருவகையில் உறவுக்காரர். அவரை வளர்த்தெடுத்தது கேமரா இல்லை, செய்தி நிறுவனத்திலிருந்து வரி வரியாக அச்சாகி வந்து விழும் அந்தத் தாள்தான். அந்த வளர்ப்பைக் கணக்கில் கொள்ளாமல் 1968ஆம் ஆண்டின் சில நிமிடங்களை மட்டும் பிய்த்தெடுத்துக் காட்டினால், அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு நேர் எதிரான ஒன்றை அவர் பெயரால் சொன்னதாகிவிடும். அதை விளக்கவே இந்த நீண்ட கடிதத்தை எழுதுகிறேன். இடம் கருதிச் சுருக்க நேர்ந்தால், 1963ஆம் ஆண்டைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிடாமல் வெளியிட வேண்டுகிறேன்.

1916 நவம்பர் 4 அன்று மிசூரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில், பல் மருத்துவர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். பத்து வயதானபோது குடும்பம் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனுக்குக் குடிபெயர்ந்தது. பள்ளி நாட்களிலேயே செய்தித் தொழிலில் மனம் ஒட்டிக்கொண்டதால், டெக்சாஸ் பல்கலைக்கழகப் படிப்பை 1935ல் பட்டம் வாங்காமலே விட்டுவிட்டு வேலைக்குப் போனார். அடுத்த ஆண்டு கேன்சஸ் சிட்டியில் ஒரு சிறிய வானொலி நிலையத்தில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தபோது நடந்த ஒரு நிகழ்ச்சியை அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். நகர மன்றக் கட்டடம் தீப்பற்றி எரிகிறது, தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் குதித்து இறந்துவிட்டார்கள், உடனே ஒலிபரப்பு என்று மேலதிகாரி ஓடிவந்து சொல்கிறார். கிரான்கைட் தீயணைப்புத் துறையைக் கேட்கத் தொலைபேசியை எடுக்கிறார். கேட்க வேண்டியதில்லை, என் மனைவியே நேரில் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்கிறார் அதிகாரி. இவர் கேட்காமல் வாசிக்க மறுக்கவே, அதிகாரி தாமே ஒலிவாங்கியின் முன் அமர்ந்து செய்தியைச் சொல்லிவிடுகிறார். விசாரித்தபோது தீ சிறியது, ஒருவரும் சாகவில்லை என்று தெரிந்தது. வேலையை இழந்தவர் கிரான்கைட்.

அப்போது அவருக்கு இருபது வயது. அந்த வயதில் வேலை போனால் பெரும்பாலோர் அடுத்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகிக்கொள்வார்கள். அவர் 1937ல் யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த ஆண்டு மார்ச் மாதம் டெக்சாஸின் நியூ லண்டன் என்ற ஊரில் பள்ளிக்கூடம் ஒன்று எரிவாயுக் கசிவால் வெடித்து, பிள்ளைகளும் ஆசிரியர்களுமாகச் சுமார் 300 பேர் மாண்டார்கள். அங்கே முதலில் போய்ச் சேர்ந்த நிருபர்களில் இந்த இளைஞரும் ஒருவர். செய்தி நிறுவனத்து வேலை எப்படிப்பட்டது என்று இன்றைய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு செய்தி நிறுவனம் தவறாக அனுப்பும் ஒரு வரி, அதன் சந்தாதாரர்களான நூற்றுக்கணக்கான பத்திரிகைகளிலும் வானொலிகளிலும் ஒரே நேரத்தில் தவறாகும். போட்டி நிறுவனத்தைவிட ஒரு நிமிடமாவது முந்த வேண்டும், ஆனால் ஒரு எழுத்துகூடப் பிழையாகக் கூடாது. இந்த இரண்டு கட்டளைகளுக்கும் நடுவில் அவர் ஏறத்தாழ 11 ஆண்டுகள் வேலை பார்த்தார்.

இரண்டாம் உலகப் போரில் அவர் செய்ததை இங்கே விரித்தால் கடிதம் வேறு திசைக்குப் போய்விடும். 1943 பிப்ரவரி 26 அன்று ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் மீது குண்டு போடச் சென்ற விமானம் ஒன்றில் நிருபராக உடன் பறந்தார். அதே தாக்குதலில் பறந்த நியூயார்க் டைம்ஸ் நிருபர் ராபர்ட் போஸ்ட் திரும்பி வரவில்லை. 1944 செப்டம்பரில் பாராசூட் படைப்பிரிவு ஒன்றோடு கிளைடரில் ஹாலந்தில் இறங்கினார். போர் முடிந்த பின் நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணையையும், பிறகு இரண்டு ஆண்டுகள் மாஸ்கோவையும் யுனைடெட் பிரஸுக்காகக் கவனித்தார். இதற்கிடையில் 1943ல் சி.பி.எஸ். வானொலியின் எட்வர்ட் மர்ரோ அவரைக் கூடுதல் சம்பளத்துக்கு அழைத்தபோது, முதலில் சரி என்றவர் பிறகு செய்தி நிறுவனத்திலேயே தங்கிவிட்டார். ஒலிவாங்கியில் கிடைக்கும் புகழைவிட டெலிபிரிண்டரின் ஓசை அவருக்குப் பிடித்திருந்தது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

1950ல்தான் அவர் சி.பி.எஸ்.ஸுக்கு வந்தார். 1952ல் அதிபர் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கச் சிகாகோவில் நடந்த இரு பெரும் கட்சிகளின் மாநாடுகளைத் தொலைக்காட்சியில் மணிக்கணக்காகத் தொகுத்து வழங்கியபோது நாடு அவர் முகத்தை அறிந்தது. இன்று நம் வீடுகளில்கூடப் புழங்கும் ‘ஆங்கர்’ என்ற சொல் தொலைக்காட்சியில் நிலைபெற்றது அந்த மாநாடுகளை ஒட்டித்தான். ஸ்வீடன் நாட்டில் செய்தி வழங்குபவர்களை அவருடைய பெயராலேயே அழைத்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. தேடிப் பார்த்த மொழி ஆய்வாளர்களுக்கு அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அவருடைய தொடக்க ஆண்டுகளில் எல்லாமே போற்றத்தக்கதாகவும் இருக்கவில்லை. அதே 1952 மாநாட்டில் குடியரசுக் கட்சியின் குழுக் கூட்டம் ஒன்றை ஒளித்து வைத்த ஒலிவாங்கி மூலம் சி.பி.எஸ். ஊழியர்கள் ஒட்டுக் கேட்டதையும், அதில் தமக்குக் கிடைத்த பயனையும் அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அது தவறு, அவர் மீது எனக்குள்ள மதிப்பு அதை மறைக்கச் சொல்லவில்லை.

1962 ஏப்ரல் 16 அன்று மாலைச் செய்தி அவர் பொறுப்புக்கு வந்தபோது அது வெறும் 15 நிமிட நிகழ்ச்சி. 1963 செப்டம்பர் 2 அன்று அது அரை மணி நேரமாயிற்று. முதல் நாள் அதிபர் கென்னடியே பேட்டி கொடுத்தார். எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது, அவர் தம்மை வாசிப்பாளர் என்று மட்டும் அழைக்க விடாமல் ‘நிர்வாக ஆசிரியர்’ என்ற பொறுப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டதுதான். எந்தச் செய்தி முதலில், எதற்கு எத்தனை நொடி, எது வேண்டாம் என்று தீர்மானிக்கும் மேசையில் அவர் உட்கார்ந்தார். முகம் தெரிகிறவரே பிழைக்கும் பொறுப்பானார். இன்று பல இடங்களில் முகம் ஒருவருடையது, தாள் எழுதியவர் வேறொருவர், அதைத் திரையில் ஓட விடுகிறவர் மூன்றாமவர். தவறு நேர்ந்தால் மூவரில் யாரைக் கேட்பது என்று தெரிவதில்லை.

இனி 1963 நவம்பர் 22. டல்லாஸ் நகரில் பகல் 12.30 மணிக்கு அதிபர் கென்னடி மீது குண்டுகள் சுடப்பட்டன. நியூயார்க்கில் அப்போது 1.30. யுனைடெட் பிரஸ் இன்டர்நேஷனல் நிருபர் மெரிமன் ஸ்மித் காரில் இருந்த தொலைபேசியிலேயே செய்தியைச் சொல்ல, சில நிமிடங்களில் அது டெலிபிரிண்டர்களில் வந்துவிட்டது. 1.40க்கு சி.பி.எஸ்.ஸில் ஓடிக்கொண்டிருந்த பகல் நேர நாடகத்தை நிறுத்தினார்கள். ஆனால் அந்தக் காலத்துக் கேமராக்கள் சூடாகிப் படம் காட்டத் தயாராவதற்கே நேரம் பிடிக்கும். அதனால் திரையில் ‘செய்தி அறிவிப்பு’ என்ற எழுத்து மட்டும் தெரிய, கிரான்கைட்டின் குரல் கேட்டது: டல்லாஸில் அதிபரின் ஊர்வலத்தின் மீது மூன்று முறை சுடப்பட்டிருக்கிறது, அதிபர் கடுமையாகக் காயமடைந்திருப்பதாக முதல் தகவல்கள் கூறுகின்றன. சுமார் 20 நிமிடம் கழித்துத்தான் அவர் முகம் திரைக்கு வந்தது. கோட்டு அணியாமல், சட்டையும் டையுமாக, செய்தி அறையின் மேசையிலேயே அமர்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை, இந்தத் தொழிலுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறையாவது முழுதாகப் பார்க்க வேண்டும். டல்லாஸில் உள்ள சி.பி.எஸ். கிளை நிலையத்தின் செய்தி ஆசிரியர், அதிபர் இறந்துவிட்டதாகத் தமக்குச் சொல்லப்பட்டது என்று அறிவிக்கிறார். கிரான்கைட் அதை மறைக்கவில்லை. ஆனால் இது உறுதியாகவில்லை என்று சேர்த்துச் சொல்கிறார். கடைசிச் சடங்கு செய்யப் பாதிரியார்கள் வந்த செய்தி வருகிறது. சி.பி.எஸ்.ஸின் சொந்த நிருபர் டான் ராதர், அதிபர் மறைந்ததைத் தாம் உறுதி செய்துவிட்டதாகச் சொல்கிறார். அந்தச் சொல்லை நம்பி அதே நிறுவனத்தின் வானொலி 2.22 மணியளவில் மரணத்தை அறிவித்துத் தேசிய கீதத்தையும் ஒலிபரப்பிவிட்டது. தொலைக்காட்சியில் கிரான்கைட், நம் நிருபர் இப்படிச் சொல்கிறார், ஆனால் அதிகாரபூர்வமான உறுதி இன்னும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். தம் அறையில் எல்லோரும் நம்பிவிட்ட ஒன்றை, தாமும் உள்ளூர நம்பியிருக்கக்கூடிய ஒன்றை, மேலும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் அந்த மனிதர் ‘தகவல்’ என்றே அழைத்தார். 2.38க்குத் தாள் ஒன்று அவர் கைக்கு வந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதிபர் கென்னடி டல்லாஸ் நேரப்படி பகல் ஒரு மணிக்கு, கிழக்கு நேரப்படி இரண்டு மணிக்கு இறந்தார் என்று படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, சுமார் 38 நிமிடங்களுக்கு முன் என்றார். பிறகு கண்ணாடியை மறுபடி மாட்டினார். தொண்டை அடைத்து ஒரு கணம் பேச்சு நின்றது. அடுத்த வாக்கியம் துணை அதிபர் ஜான்சன் எங்கே இருக்கிறார், எப்போது பதவி ஏற்பார் என்பதைப் பற்றியது.

அந்தக் கணத்தின் துயரத்தைத்தான் எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய 58 நிமிடங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. 1.40 முதல் 2.38 வரை அவர் தமக்குத் தெரிந்ததையும், பிறர் சொன்னதையும், எவராலும் இன்னும் உறுதிசெய்யப்படாததையும் வெவ்வேறு குவியலாக வைத்துக்கொண்டே பேசினார். கேட்டுக்கொண்டிருந்த ஒரு வீட்டுப் பெண்மணிக்கோ கடைக்காரருக்கோ, எதை எவ்வளவு நம்பலாம் என்பது ஒவ்வொரு வாக்கியத்திலும் தெரிந்தது. கேன்சஸ் சிட்டியில் வேலையை இழக்கக் காரணமான அதே தொலைபேசிப் பழக்கம்தான் இது.

இந்தப் பொறுமைக்கு என்ன மதிப்பு என்பது நம் நாட்டிலும் தெரியாததல்ல. 1979 மார்ச் 22 அன்று, மும்பையில் மருத்துவமனையில் இருந்த ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமாகிவிட்டதாக மக்களவையிலேயே அறிவிக்கப்பட்டு, வானொலியிலும் செய்தி பரவிவிட்டது. அவர் அக்டோபர் 8 வரை உயிரோடு இருந்தார். அன்று நான் பணிக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. எங்கள் தலைமைத் துணை ஆசிரியர் இரங்கல் பக்கத்தை அச்சுக்கோக்கச் சொல்லிவிட்டு, மறுப்பு வந்ததும் அந்த எழுத்துகளைத் தம் கையாலேயே கலைத்துப் போட்டதைப் பார்த்தேன். 2016 டிசம்பர் 5 மாலையில் முதல்வர் ஜெயலலிதா மறைந்ததாகச் சில தொலைக்காட்சிகள் அறிவித்து, மருத்துவமனை மறுத்து, இறக்கிய கொடி மீண்டும் ஏற்றப்பட்டதைத் தமிழ்நாடு முழுதும் பார்த்தது. அன்றிரவு 11.30 மணிக்கு அவர் மறைந்ததாக மருத்துவமனை பின்னர் அறிவித்தது. செய்தி கடைசியில் உண்மையாகிவிட்டதால் முன்பு சொன்னது சரியாகிவிடாது. இடைப்பட்ட அந்த மணி நேரங்களில் வீதியில் இருந்த மக்கள் எதை நம்பினார்கள் என்பதற்கு யார் பொறுப்பு?

கிரான்கைட்டின் அன்றாட வேலை முறையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கேட்பவர்களுக்கு ஒரு சொல்கூடத் தவறக் கூடாது என்பதற்காக நிமிடத்துக்குச் சுமார் 124 சொற்கள் என்ற வேகத்தில் பேசத் தம்மைப் பழக்கிக்கொண்டார். அமெரிக்கர்கள் சாதாரணமாகப் பேசும் வேகம் 165 சொற்கள் என்பார்கள். அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போகக் கிடைத்தது 22 நிமிடம். அதில் வாசிக்கப்படும் அத்தனையும் சேர்ந்தாலும் ஒரு நாளிதழின் முதல் பக்கத்தை நிரப்பாது என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். தொலைக்காட்சியை மட்டும் பார்த்துவிட்டு வாக்களிக்கப் போகாதீர்கள், பத்திரிகை படியுங்கள் என்று தொலைக்காட்சியின் உச்சத்தில் இருந்துகொண்டே கேட்டுக்கொண்டார். நாளிதழில் வாழ்நாளைக் கழித்த எனக்கு அந்தச் சொல் எவ்வளவு ஆறுதல் என்பதைத் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒவ்வொரு நாளும் செய்தியை முடிக்கும்போது, ‘உள்ளது உள்ளபடி இதுதான்’ என்ற பொருள்படும் ஒரு வாக்கியத்தைச் சொல்லி அன்றைய தேதியையும் சேர்ப்பார். செய்திப் பிரிவின் தலைவராக இருந்த ரிச்சர்ட் சாலண்டுக்கு அந்த வாக்கியம் பிடிக்கவில்லை. நாம் ஏதாவது பிழை செய்திருந்தால் உள்ளபடி இல்லாததை உள்ளபடி என்று சொன்னதாகிவிடுமே என்பது அவர் கவலை. கவலை நியாயமானது. ஆனால் தங்கள் கட்டுரையாளர் அறிந்திருக்க வேண்டிய செய்தி வேறொன்று. நிகழ்ச்சியின் இறுதியில் கருத்துரை ஏதாவது வழங்கிய நாட்களில் கிரான்கைட் அந்த வாக்கியத்தைச் சொல்லமாட்டார். கருத்து ‘உள்ளபடி’ ஆகாது என்ற வேறுபாட்டை அவர் அந்த அளவுக்குக் கறாராகக் கடைப்பிடித்தார்.

இந்தப் பின்னணியோடு 1968க்கு வருவோம். அவர் போரை முதலிலிருந்தே எதிர்த்தவர் இல்லை. 1965ல் வியட்நாம் சென்றபோது ராணுவத் தளபதிகளின் சொல்லைப் பெரும்பாலும் நம்பியவர். அங்கிருந்த இளம் நிருபர்களின் ஐயங்கள் மிகையானவை என்று நினைத்தவர். 1968 ஜனவரி இறுதியில், வியட்நாமியரின் டெட் புத்தாண்டு நாட்களில், எதிர்ப்படைகள் தென்வியட்நாமின் நகரங்களை ஒரே நேரத்தில் தாக்கின. வெற்றி அருகில் வந்துவிட்டது என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. கிரான்கைட் ஸ்டுடியோவில் இருந்தபடி கருத்துச் சொல்லவில்லை. சாலண்டுடன் கலந்துபேசிவிட்டு, 51 வயதில் இரும்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு தாமே சைகோனுக்கும், சண்டை ஓயாத ஹுவே நகருக்கும் போனார். ஹுவேயிலிருந்து அவர் வெளியேறிய ஹெலிகாப்டரில், பைகளில் கட்டப்பட்ட 12 அமெரிக்கப் படைவீரர்களின் உடல்களும் வந்தன.

பிப்ரவரி 27 இரவு ஒளிபரப்பானது அவருடைய அன்றாட மாலைச் செய்தி அல்ல, இதற்கென்றே தயாரிக்கப்பட்ட ஒரு தனி நிகழ்ச்சி. கண்டதையும் கேட்டதையும் முழுவதும் சொல்லி முடித்த பிறகு, இனி வருவது ஊகம் கலந்தது, தனிப்பட்டது, தன் நோக்கிலானது என்று வெளிப்படையாக எச்சரித்துவிட்டு, எழுதிவைத்திருந்த சில பத்திகளை நிதானமாகப் படித்தார். போர் வெல்லவும் முடியாமல் தோற்கவும் இல்லாமல் சேற்றில் சிக்கிய தேக்க நிலையில் இருக்கிறது, பேச்சுவார்த்தைதான் அறிவுக்கு உகந்த வழி என்பது அவர் முடிவு. எவரையும் ஏசவில்லை. எந்தக் கட்சியின் பெயரையும் இழுக்கவில்லை. மறுநாள் முதல் வழக்கமான செய்திக்குத் திரும்பிவிட்டார்.

இப்போது ஜான்சன் சொன்னதாகச் சொல்லப்படும் வாசகம். அது புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது: சில இடங்களில் நாட்டை இழந்தேன் என்கிறார், சில இடங்களில் நடுத்தர அமெரிக்காவை இழந்தேன் என்கிறார், இன்னும் சில இடங்களில் போரை இழந்தேன் என்கிறார். ஒருவர் சொன்னதை ஒருவர் நேரில் கேட்டுக் குறித்திருந்தால் இத்தனை வடிவம் ஏன்? நிகழ்ச்சி ஒளிபரப்பான அந்த இரவில் ஜான்சன் வெள்ளை மாளிகையில் தொலைக்காட்சி முன் இருக்கவில்லை. டெக்சாஸ் ஆளுநர் ஜான் கானலியின் பிறந்தநாள் விழாவுக்காக ஆஸ்டின் நகரில் இருந்தார். மார்ச் 31 அன்று அவர் போட்டியிலிருந்து விலகியது உண்மை. அதற்கிடையில் மார்ச் 12 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில், ஜான்சனின் சொந்தக் கட்சியிலேயே போரை எதிர்த்த யூஜின் மெக்கார்த்தி 42 விழுக்காடு வாக்குகள் வாங்கியதும், 16ஆம் தேதி மறைந்த அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி களமிறங்கியதும், மேலும் இரண்டு லட்சம் படைவீரர்கள் வேண்டும் என்று தளபதிகள் கேட்டது வெளியே வந்ததும் நடந்தன. போர் மறுநாளே நிற்கவும் இல்லை. அமெரிக்கா வெளியேறும் ஒப்பந்தம் 1973 ஜனவரி 27ல்தான் கையெழுத்தானது. வியட்நாமில் இறந்த 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களில் பாதிக்கும் மேலானவர்கள் 1968லும் அதற்குப் பிறகும் இறந்தவர்கள். வியட்நாமியர்களின் சாவுக் கணக்கு இதைப் போலப் பல மடங்கு.

இப்படிச் சொல்வதால் கிரான்கைட்டின் செயலைக் குறைக்கிறேன் என்று எண்ண வேண்டாம். அன்றைய அமெரிக்காவில் அந்தப் பத்திகளுக்கு எடை இருந்தது. அந்த எடை எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி. ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு மாலையும் தம் விருப்பு வெறுப்பைச் செய்திக்குள் நுழைய விடாதவர் என்று மக்கள் அறிந்திருந்ததால், ஒரு நாள் அவர் கருத்தைச் சொன்னபோது அமர்ந்து கேட்டார்கள். 1972ல் எடுக்கப்பட்ட ஒரு கருத்துக்கணிப்பில் நாட்டின் அரசியல் தலைவர்களையெல்லாம் விட அவருக்கே கூடுதலாக 73 விழுக்காடு நம்பிக்கை கிடைத்தது. தினமும் இரவு எட்டு மணிக்கு விவாத மேசையில் கருத்தையே செய்தியாகப் பரிமாறுகிற ஒருவர், கிரான்கைட்டின் 1968ஐத் தமக்கு முன்மாதிரி என்று சொல்லிக்கொள்ளும்போது, அந்த ஆறு ஆண்டுகளை அவர் எங்கே செலுத்தினார் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. 1968 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சியின் சிகாகோ மாநாட்டு அரங்கில் டான் ராதரைக் காவலாளிகள் தள்ளித் தாக்கியதைப் பார்த்து நேரலையிலேயே அவர்களை ரவுடிகள் என்று கண்டித்தவர், பிறகு அந்நகர மேயர் ரிச்சர்ட் டேலியைப் பேட்டி கண்டபோது கடுமையான கேள்வி ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டார். 1972 அக்டோபர் 27 அன்று வாட்டர்கேட் ஊழலைப் பற்றி 22 நிமிடச் செய்தியில் 14 நிமிடம் ஒதுக்கினார். அதுவரை பெரும்பாலும் ஒரு பத்திரிகையின் செய்தியாக இருந்தது நாட்டின் செய்தியானது. ஆனால் வெள்ளை மாளிகையிலிருந்து நிறுவனத்தின் தலைவருக்குத் தொலைபேசி வந்த பிறகு, இரண்டாம் பகுதி 8 நிமிடமாகச் சுருங்கி அக்டோபர் 31ல் வெளியானது. முதலாளியின் அழுத்தம் அந்த நாட்டில், அந்த மனிதருக்கே இருந்தது என்றால், நம் ஊர் நெறியாளர்களின் நிலையைப் பற்றி எளிதாகத் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது.

ஜான்சனோடு அவருக்கு இருந்த கடைசித் தொடர்பையும் கட்டுரையாளருக்கு நினைவூட்ட விரும்புகிறேன். 1973 ஜனவரி 22 மாலைச் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது, கிரான்கைட் ஒரு தொலைபேசியைக் காதில் வைத்தபடி திரையில் தோன்றினார். மறுமுனையில் ஜான்சனின் செய்தித் தொடர்பாளர். முன்னாள் அதிபர் இறந்துவிட்டார் என்பதை அவர் வாயாலேயே கேட்டு, இடையிடையே பார்வையாளர்களைப் பொறுத்திருக்கச் சொல்லி, கேட்டதை மட்டும் அப்படியே சொன்னார். நேரலையில் பல நொடிகள் மௌனமாகக் கழிந்தன. அதைப் பற்றி அவர் பதறவில்லை.

1981 மார்ச் 6 அன்று, நிறுவனத்தின் ஓய்வு வயதான 65 நெருங்கிய நிலையில், அவர் டான் ராதரிடம் மேசையை ஒப்படைத்தார். ஓய்வுக்குப் பிறகு தம் கருத்துகளைத் தாராளமாகச் சொன்னார், எழுதினார். ஈராக் போரை முடிக்க வேண்டும் என்று 2006ல் வெளிப்படையாகவே கேட்டார். அப்போது அவர் செய்தி மேசையில் இல்லை, ஒரு குடிமகனாகப் பேசினார். 2009 ஜூலை 17 அன்று நியூயார்க்கில், 92ஆம் வயதில் காலமானார்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது ஒரு சிறிய திருத்தம். 1968 பிப்ரவரி 27ஆம் தேதிக் கருத்துரை தனி நிகழ்ச்சியில், கருத்துரை என்ற அறிவிப்போடு சொல்லப்பட்டது என்பதையும், ஜான்சன் அதை வெள்ளை மாளிகையில் அமர்ந்து நேரலையில் பார்த்ததாக எழுதியது சரியல்ல, அவர் அந்த இரவு ஆஸ்டினில் இருந்தார் என்பதையும், அதே நடுப்பக்கத்தில், அதே அளவு எழுத்தில், வரும் ஞாயிறன்று வெளியிட வேண்டுகிறேன். கட்டுரையாளரின் வாதத்தில் அவருக்கு உரிமை உண்டு. வேறு சாட்சியை வைத்து அவர் அதை மீண்டும் எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற துணை ஆசிரியர்,
திருநெல்வேலி.